நீந்தி, மிதித்து, ஓடி

எனக்கு ஓட்டப்பந்தயம் என்றாலே ஆகாது. பஸ்ஸைப் பிடிக்க ஓடலாம், மழைக்கு ஓடலாம், அடுப்பில் பால் பொங்கினால் ஓடலாம். சும்மா கிடக்கிற உடம்பை எதற்குப் போட்டு விரட்டுவது? அதிலும் இந்தப் பந்தயத்தில் ஓட்டம் மட்டும் இல்லை. முதலில் ஏரியில் முக்கால் கிலோமீட்டர் நீந்த வேண்டும். கரையேறியதும் அதே ஈர உடுப்போடு சைக்கிளில் இருபது கிலோமீட்டர். இறங்கியதும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு நிமிஷம் தாண்டினாலும் கணக்கில் வராது. புத்தி தெளிவாக இருக்கிற யாராவது இதற்குத் தானாகப் போய்ப் பெயர் கொடுப்பார்களா? என் பக்கத்துக் கடைக்காரி கொடுத்தாள்.

நான் தையல்கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் என் தையல் மிஷின், அந்தப் பக்கம் அவளுடைய சலவை மிஷின்கள். அவளுடைய பெரிய மிஷின் பிழிய ஆரம்பித்தால் என் மேசையில் இருக்கும் நூல்கண்டுகள் நடந்து நடந்து ஓரத்துக்கு வரும். முதல் வருஷம் அதற்காகச் சண்டை போட்டோம். இரண்டாவது வருஷம் அவள் என்னை அக்கா என்றாள், நான் அவளைத் தங்கச்சி என்றேன். அவள் புருஷன் எனக்கு மாப்பிள்ளை. சலவை செய்த துணியைப் பெரிய பெட்டி வைத்த சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுகிற ஆள். ஒரே மகள், இருபது வயசு, நர்ஸ் படிப்பு. என்னைப் பெரியம்மா என்பாள்.

தங்கச்சி நல்லவள், உழைப்பாளி, கைசுத்தம். ஒரே ஒரு குறை. எதையும் முழுசாக முடிக்க மாட்டாள். கடை வேலையைச் சொல்லவில்லை, அது அன்றன்றைக்கு முடிந்துவிடும். தனக்கென்று எடுத்த காரியத்தைச் சொல்கிறேன். பத்தாவது பாதியில் நின்றது. டைப்ரைட்டிங் இரண்டு மாசம். கார் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போய், ரிவர்ஸ் எடுக்கச் சொன்ன அன்றோடு நின்றுவிட்டாள். என்னிடம் தைக்கக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து ஒரு சட்டைக்கு ஒரு கை மட்டும் தைத்தாள். அந்தச் சட்டைக்கு இன்னும் இன்னொரு கை வரவில்லை. கேட்டால், "அட விடு அக்கா, ஒரு கை நல்லா வந்துச்சுல்ல" என்பாள்.

போன மழைக்காலத்தில் மகள் ஒருநாள் மத்தியானம் பெட்டியோடு வந்து இறங்கினாள். இரண்டாவது வருஷத்தின் நடுவில். இனிமேல் போகமாட்டேன் என்றாள். ஏன் என்றால் வாயைத் திறக்கவில்லை. தாய்க்கும் மகளுக்கும் பேச்சு நின்றுபோனது.

மூன்று வாரம் கழித்து கோட் ஒன்றைச் சலவைக்குக் கொடுக்கப் போனேன். இருவரும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய விரிப்பை ஒருத்தியாக மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, நீளவாக்கில் இரண்டாக்கி, பிறகு எதிரும் புதிருமாக நடந்து வந்து முனைகளைச் சேர்க்க வேண்டும். நடந்து வந்தார்கள், விரலோடு விரல் முட்டியது, முனையைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அடுத்த விரிப்புக்கும் அப்படியே. மாப்பிள்ளை நீராவி இஸ்திரிக்குப் பின்னால் நின்றுகொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"என்னடி இது, ரெண்டு பேரும் வாயில கிளிப் மாட்டியிருக்கீங்களா?" என்றேன். சும்மா இருந்திருக்கலாம்.

"நீயே கேளு அக்கா," என்று தங்கச்சி பிடித்துக்கொண்டாள். "ஒண்ணரை வருஷம் ஓடியாச்சு. இன்னும் பாதிதான் பாக்கி. நடுவுல பொட்டியத் தூக்கிட்டு வந்து நிக்கிறா. ஏன்டின்னா பதில் இல்ல. ஆரம்பிச்சத முடிக்கத் துப்பில்லன்னா எதுக்கு ஆரம்பிக்கணும்?"

மகள் விரிப்பைக் கீழே விட்டுவிட்டாள். "அதை நீ சொல்றியா?"

"நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா?"

"நீ எதம்மா முடிச்ச? ஒண்ணு சொல்லு. ஒண்ணே ஒண்ணு."

தங்கச்சி என்னைப் பார்த்தாள். நானும் மனசுக்குள் அவசரமாகத் தேடிப் பார்த்தேன். சத்தியமாக ஒன்றும் அகப்படவில்லை.

"ஏன், உன்னப் பெத்தேனே," என்றாள் தங்கச்சி. "பத்து மாசம் முழுசா சுமந்துதானேடி பெத்தேன்?"

"எட்டு மாசத்துலயே பொறந்துட்டேன்னு நீதான் சொன்ன."

இஸ்திரிக்குப் பின்னாலிருந்து மாப்பிள்ளை சிரித்துவிட்டார். பாவம், அதற்கு அவர் பட்ட பாடு ஒரு வாரம். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் தங்கச்சியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை. விரிப்பைத் தனியாளாகவே அள்ளிச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நீச்சல்குளத்துத் துண்டுகள் எல்லாம் அவர்கள் கடைக்குத்தான் சலவைக்கு வரும். ஒன்பது நாள் கழித்து அங்கே துண்டு கொடுக்கப் போன தங்கச்சி, கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். இந்தப் பந்தயத்தின் அறிவிப்பு. மகள் முன்னால் மேசையில் வைத்தாள்.

"இதை நான் முடிச்சிட்டா நீ திரும்பப் படிக்கப் போவியா?"

மகள் காகிதத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நீயா? நீ குளிக்கிறப்பவே மூஞ்சிக்குத் தண்ணி ஊத்த பயப்படுவ."

"அதை விடு. போவியா, மாட்டியா?"

"முடிச்சா போறேன். முடிக்கலன்னா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது. ஆயுசுக்கும்."

"சரி."

"ஏம்மா," என்றார் மாப்பிள்ளை, "ஏரி என்ன ஆழம்னு தெரியுமா?"

"ஆழம் எனக்கு எதுக்கு? நான் மேலதான போகப்போறேன்."

எட்டு மாசம் இருந்தது. இரண்டு மாசத்தில் விட்டுவிடுவாள் என்று நான் மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவர் ஒரு மாசம் என்றார். எங்கள் இருவர் வாயையும் அடைத்துவிட்டாள். காலையில் கடை திறக்குமுன் நீச்சல்குளம். குளத்து வாத்தியார் நல்ல பொறுமைசாலி. முதல் மூன்று வாரம் அவள் தண்ணீரில் முகத்தை வைத்து மூச்சு விடுவதை மட்டுமே செய்தாள், ஒவ்வொரு தடவையும் கொலை விழுந்த மாதிரி கத்திக்கொண்டு எழுந்தாள். நான்காவது மாசம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போனாள். அன்று கடைக்கு வந்து, தலை சொட்டச் சொட்ட, "அக்கா, மிதக்கிறேன் அக்கா!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் வெட்டிக்கொண்டிருந்த துணியெல்லாம் ஈரமாகிவிட்டது.

சைக்கிளுக்கு எங்கே போவது? மாப்பிள்ளை தன் சைக்கிளிலிருந்து பெட்டியைக் கழற்றினார். செயினை மாற்றினார், டயரை மாற்றினார், இருக்கையைத் தாழ்த்தினார். பெட்டியைக் கழற்றியதும் அந்தச் சைக்கிள் மொட்டையடித்த மாதிரி இருந்தது. சாயங்காலம் துணி கொடுக்கும் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள். துணியை முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு மேட்டுத் தெருவெல்லாம் மிதித்தாள். இதுவரை சாயங்காலம் முழுக்க ஓரிடத்தில் நின்றே அறியாத மாப்பிள்ளை கடையில் நின்று மிஷினைப் பார்த்துக்கொண்டதில் அவருக்கு இடுப்பு வலி வந்தது.

ஓட்டத்துக்கு நேரம் குறிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கழுத்தில் அளவுநாடா, கையில் ஸ்டாப்வாட்ச். கடைவாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் தெருமுனையைச் சுற்றிச் சுற்றி வருவாள். ஐந்து கிலோமீட்டர் ஒரு மணி நேரத்தில் ஆரம்பித்து, முப்பத்தொன்பது நிமிஷத்துக்கு வந்தது.

உடுப்பும் நான் தைத்ததுதான். மூன்றுக்கும் ஒரே உடுப்பு. கடையில் விற்பதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதைப் போட்டுக்கிட்டு நான் வெளிய வர மாட்டேன், ஏரியிலயே இருந்துடுவேன்" என்றாள். முட்டிக்குக் கீழ்வரை வருகிற மாதிரி, ஸ்ட்ரெச் துணியில் வெட்டினேன். முதல் உடுப்பை என் புத்தியில்லாமல் நேர்தையலில் தைத்தேன். சைக்கிளில் ஏறிக் குனிந்தாள், பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை பிரிந்துவிட்டது. நல்லவேளை, நான் மட்டும்தான் பார்த்தேன். இழுக்கிற துணிக்கு ஜிக்ஜாக் தையல் போட வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? அவசரம். இரண்டாவது உடுப்பைக் கிழிக்க ஆனையைத்தான் கூப்பிட வேண்டும்.

பந்தய நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆரம்பம் காலை ஏழு மணிக்கு. முதல் நாள் பெய்த மழையில் ஏரிக்கரை முழுக்கச் சேறு. கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு நால்வரும் போனோம். மாப்பிள்ளை கையில் தேநீர் ஃபிளாஸ்க், அவித்த முட்டை, ரொட்டி, வாழைப்பழம். மகள் கூப்பிட்டதற்கு வந்தாள், அவ்வளவுதான். கையைக் கட்டிக்கொண்டு, எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு நின்றாள்.

சைக்கிள்கள் எல்லாம் கம்பி வேலிக்குள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் காற்றில் பறந்துவிடும்போல மெல்லிசு. நடுவில் எங்கள் சைக்கிள் குடும்பஸ்தன் மாதிரி நின்றது. ஒவ்வொருவரும் சைக்கிளுக்குப் பக்கத்தில் துண்டு, ஷூ, தலைக்கவசம் எல்லாம் வைத்துக்கொள்ள வேண்டும். நீந்தி வந்ததும் அந்த இடத்தில் மூன்றே நிமிஷத்தில் தயாராகிக் கிளம்பிவிட வேண்டும் என்று வாத்தியார் பாடம் நடத்தியிருந்தார். நீச்சல் இருபத்தைந்து, சைக்கிள் ஒரு மணி, ஓட்டம் நாற்பது, மாறுவதற்கு ஐந்து. ஐந்து நிமிஷம் மிச்சம் இருக்கும் என்பது என் கணக்கு.

"பயமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு அக்கா. தண்ணி கறுப்பா இருக்கு பாரு. குளத்துல தரை தெரியும்."

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. வீட்டுக்குப் போயிடலாம்."

"நீ வேற. போய் ஓரமா நில்லு."

விசில் ஊதியதும் எண்பது பேர் தபதபவென்று தண்ணீரில் விழுந்தார்கள். மஞ்சள் தொப்பிகள் ஒரே கும்பல். எது எங்கள் தொப்பி என்று தெரியவில்லை. சிறிது நேரத்தில் கும்பல் நீண்டது, கடைசியில் ஒரு தொப்பி தனியாகக் கிடந்தது. சந்தேகமே இல்லை, அதுதான் எங்களுடையது. அது நின்றது. ஒரு கை மேலே வந்தது. பக்கத்தில் படகு போனது. மாப்பிள்ளை முட்டையை உரித்துக்கொண்டிருந்தவர், உரித்த முட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓட்டை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு படகு விலகியது, தொப்பி நகர்ந்தது. கையில் ஏதோ கொடி சுற்றிக்கொண்டதாம், பாம்பு என்று நினைத்தாளாம்.

சொல்லி வைத்த மாதிரி இருபத்தைந்தாவது நிமிஷம் கரையேறினாள். கால் தள்ளாடியது, ஆனாலும் சிரித்துக்கொண்டே வேலிக்குள் ஓடி வந்தாள். நாங்கள் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினோம்.

இங்கேதான் வந்தது வினை. துடைத்துக்கொண்டாள், ஷூ போட்டாள், தலைக்கவசம் போட்டாள். எல்லாம் சரி. சைக்கிளை எடுக்க வேண்டியவள் துண்டை எடுத்தாள். உதறினாள். இரண்டாக, நான்காக, எட்டாக மடித்து, முனையை நீவிவிட்டுக் கம்பியில் வைத்தாள். போய்த் தொலைகிறது, ஒரு துண்டுதானே என்றால், அவள் கண் பக்கத்தில் போனது. முன்னால் வந்து கிளம்பிப்போன அத்தனை பேரும் துண்டையும் துணியையும் சேற்றில் வீசிவிட்டுப் போயிருந்தார்கள். பார்த்தாள். குனிந்தாள். அடுத்தவன் துண்டை எடுத்து உதற ஆரம்பித்தாள்.

"ஏய்! மடிக்காத! மடிக்காத!" என்று மாப்பிள்ளை கத்தினார். அவர் அவ்வளவு சத்தமாகக் கத்தி நான் கேட்டதே இல்லை. அவள் நாங்கள் உற்சாகப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு கையை ஆட்டினாள். மூன்றாவது துண்டு. ஒரு நீச்சலுடையைப் பிழிந்தாள், உட்பக்கத்தை வெளியே திருப்பிக் கம்பியில் காயப்போட்டாள். நான்காவது, ஐந்தாவது. ஒரு சட்டைக்குப் பொத்தான்கூடப் போட்டாள். பாவி, பொத்தான் போட்டாள்!

"அடியே, சைக்கிளை எடுடி!" என்று என் தொண்டை கிழிந்தது.

மாப்பிள்ளை கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டு முணுமுணுத்தார்: "அந்த நீலத் துண்டு கோணலா இருக்கு."

"மாப்ள, உங்களை அடிச்சிருவேன்."

கடைசியில் ஒரு விசில்காரர் போய் அவள் தோளைத் தட்டினார். அவள் தூக்கத்திலிருந்து எழுந்த மாதிரி பார்த்துவிட்டு, "ஐயையோ" என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். ஸ்டாப்வாட்சைப் பார்த்தேன். ஒன்பது நிமிஷம். என் மிச்சக் கணக்கு மொத்தமும் போய், அதற்கு மேலும் ஒரு நிமிஷம் போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

சைக்கிள் போய்த் திரும்ப ஒரு மணி நேரம். மாப்பிள்ளை தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சாலை ஓரமாகப் போய் நின்றுகொண்டார். நானும் மகளும் ஈரமான பலகையில் உட்கார்ந்தோம். வெயில் லேசாக வந்து, சேற்றிலிருந்து ஆவி எழுந்தது.

"உங்கம்மா முடிக்க மாட்டா போலருக்கு," என்றேன். "உனக்குச் சந்தோஷம்தான?"

அவள் கோப்பையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். "பெரியம்மா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. அம்மா முடிக்கக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டுத்தான் இங்க வந்தேன்."

"அடிப்பாவி."

"நான் ஏன் வந்துட்டேன்னு அம்மா கேக்கவே இல்ல. முடிக்கல, முடிக்கலன்னுதான் கத்துனாங்க."

"சரி, நான் கேக்கிறேன். ஏன் வந்தே?"

கோப்பையைப் பலகையில் வைத்தாள். பிறகு சொன்னாள். வார்டில் ஒரு பெரியவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாளாம். அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். அப்படியே நழுவிக் கீழே போனார்.

"கண்ணு முன்னாடி பெரியம்மா. கைய நீட்டினா புடிச்சிருக்கலாம். நான் விரிப்பப் புடிச்சுக்கிட்டு மரம் மாதிரி நின்னேன். அவரு கீழ கிடந்து என்னையே பாக்கிறாரு. அப்பவும் நிக்கிறேன். பெரிய நர்ஸ் ஓடிவந்துதான் தூக்கினாங்க."

"அவருக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. மறுநாள் என்னைப் பாத்துச் சிரிச்சாரு. யாரும் திட்டக்கூட இல்ல. திட்டியிருந்தா பரவால்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு ஆபத்துன்னா கை வராது பெரியம்மா. நான் போய் ஒருத்தர் உயிரை எப்படிப் பாக்கிறது? அதான் வந்துட்டேன். அம்மா முடிச்சிட்டா நான் திரும்ப அங்க போய் நிக்கணும்."

நான் எத்தனை பேர் துணியைத் தப்பாக வெட்டியிருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். துணியும் உயிரும் ஒன்றா? வாழைப்பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தேன். அவளும் வாங்கிச் சாப்பிட்டாள்.

தங்கச்சி சைக்கிளில் திரும்பி வந்தபோது தொண்ணூற்றிரண்டு நிமிஷம். சைக்கிளுக்கு ஒதுக்கிய ஒரு மணியில் இரண்டு நிமிஷத்தை மிச்சம் பிடித்திருந்தாள். பெட்டி வைத்து மிதிக்கிற சைக்கிளில்! மெல்லிசுச் சைக்கிள்காரர்கள் மூன்று பேரைத் தாண்டி வந்தாள். இந்தத் தடவை சைக்கிளை நிறுத்தியதும் யார் துணியையும் பார்க்காமல் ஓடினாள். சைக்கிளை நிறுத்தித் தலைக்கவசத்தைக் கழற்ற இரண்டு நிமிஷம் போக, நாற்பத்தொரு நிமிஷம் இருந்தது. அவளுடைய நல்ல நேரமே முப்பத்தொன்பது.

ஓட்டம் ஏரியை ஒட்டி இரண்டு சுற்று. முடிவுக் கோட்டுக்கு முந்நூறு மீட்டர் முன்னால் ஒரு வளைவு. அங்கே கயிறு கட்டியிருந்தார்கள், நாங்கள் கயிற்றை ஒட்டி நின்றோம். முதல் சுற்றில் எங்களைப் பார்த்து, "எத்தனைக்கா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். "பேசாம ஓடு!" என்றேன். இரண்டாவது சுற்றில் அவள் வளைவில் திரும்பும்போது ஐந்து நிமிஷம் இருந்தது. மூன்று நிமிஷத்தில் போய்விடுவாள். நான் மாப்பிள்ளையின் முதுகில் ஓர் அடி போட்டேன், சந்தோஷத்தில்.

அப்போது அவள் "ஆ" என்று கத்திக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். எங்களுக்கு நேர் எதிரில், ஏழெட்டு அடி தூரத்தில். வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டாள். சதை கல் மாதிரி உருண்டு நிற்பது எனக்கே தெரிந்தது.

மாப்பிள்ளை கயிற்றைத் தாண்டிக் காலைப் போட்டார். விசில்காரர் ஓடி வந்து மறித்தார். "தொடாதீங்க சார். வெளி ஆள் தொட்டா கணக்குல வராது. அவங்களா எழுந்திருக்கணும்."

"அவளுக்கு வலிக்குதுய்யா!"

"வாயால என்ன வேணா சொல்லுங்க. கை படக் கூடாது."

"எந்திரி தங்கச்சி! எந்திரி!" என்று நான் கத்தினேன். அவள் எழப் பார்த்து மறுபடி விழுந்தாள். "முடியல அக்கா. கால் வரல." அவள் அழுதுகொண்டே மகளைப் பார்த்தாள். நானும் மகளைப் பார்த்தேன். அந்தப் பெண் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. அவள் இன்னும் நான்கு நிமிஷம் அப்படியே நின்றால் போதும். வேண்டிக்கொண்டது பலித்துவிடும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

"அம்மா," என்றாள். குரல் சின்னதாக வந்தது. பிறகு, "அம்மா, இங்க பாரு. என் மூஞ்சியப் பாரு."

தங்கச்சி பார்த்தாள்.

"எழுந்திருக்காத. உக்காந்தபடியே காலை நேரா நீட்டு. முட்டி மடங்கக் கூடாது. நீட்டு!"

"வலிக்குதுடி."

"வலிக்கட்டும், நீட்டு. ஷூ முனைய ரெண்டு கையாலயும் புடி. புடிச்சியா? உன் பக்கமா இழு. வெடுக்குன்னு இழுக்காத, மெதுவா. இன்னும். மூச்ச அடக்காத, விடு."

"முடியல."

"முடியலன்னு சொல்லு, ஆனா இழு. நான் எண்ணுறேன். ஒண்ணு, ரெண்டு, மூணு..."

இருபது வரை எண்ணினாள். நிதானமாக, ஒரு எண்ணைக்கூட விரட்டாமல் எண்ணினாள். என் கையில் ஸ்டாப்வாட்ச் பறந்துகொண்டிருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன், திரும்பிப் பார்க்காமலே, "பெரியம்மா, நேரம் சொல்லாதீங்க" என்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என்னை அப்படி அதட்டியவர்கள் அதிகம் பேர் இல்லை.

"இப்ப சதைய அமுக்கிப் பாரு. இளகிடுச்சா?"

"கொஞ்சம்."

"இடது காலை ஊனி எழுந்திரு. வலது குதிகாலைத் தரையில அழுத்து. முன்னாடி சாயி. சரி. இப்ப நட. நுனிக்கால்ல நடக்காத, முழுப் பாதம் வை. நட, நட. நான் கூடவே வர்றேன்."

கயிற்றுக்கு இந்தப் பக்கம் மகளும் அந்தப் பக்கம் அம்மாவும் நடந்தார்கள். இடையில் இரண்டடி இருந்தது. பத்து எட்டு போனதும், "இப்ப ஓடு, சின்னச் சின்ன எட்டா," என்றாள் மகள். அம்மா ஓடினாள். மகளும் செருப்பை உதறிவிட்டு ஓடினாள். மாப்பிள்ளை ஃபிளாஸ்க்கோடு ஓடினார். அப்புறம் என்ன, நானும் ஓடினேன். இடுப்புச் சதையெல்லாம் குலுங்க, அளவுநாடா கழுத்தில் ஆட, சேற்றில் சப்பென்று மிதித்துக்கொண்டு ஓடினேன்.

கோட்டைத் தாண்டும்போது பெரிய கடிகாரத்தில் இரண்டு மணி பதினான்கு நிமிஷம் இருபத்தாறு நொடி. ஒலிபெருக்கியில் அவளுடைய எண்ணைச் சொன்னார்கள். அவள் கோட்டைத் தாண்டிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்தாள். ஒருத்தர் பிடித்து நிறுத்தி, "முடிஞ்சதும்மா" என்றார்.

"முடிஞ்சிடுச்சா?"

"முடிச்சிட்டீங்க."

கழுத்தில் பதக்கத்தை மாட்டினார்கள். அவள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம் காட்டினாள். மாப்பிள்ளை தேநீரை மூடியில் ஊற்றி அவள் வாயருகே பிடித்தார். பாதி அவள் உடுப்பில் கொட்டியது. நான் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வியர்வை, ஏரித் தண்ணீர், சேறு எல்லாம் சேர்ந்து ஒரு வாடை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். எட்டு மாசமாக அவளை நான் செய்த கேலிக்கெல்லாம் சேர்த்து அழுதேன்.

"துண்டை எதுக்குடி மடிச்ச?" என்று கேட்டேன்.

"தெரியல அக்கா. கை பாட்டுக்குப் போயிடுச்சு." சிரித்தாள். பிறகு சுற்றும் முற்றும் பார்த்தாள். "எங்க இவ? கூடவேதான ஓடி வந்தா?"

மாப்பிள்ளை முகவாயால் காட்டினார். கோட்டுக்கு அந்தப் பக்கம் முதலுதவிக் கூடாரம். ஐந்தாறு பேர் கீழே பாயில் கிடந்து கத்திக்கொண்டிருந்தார்கள், பார்த்துக்கொள்ள ஒரே ஒரு டாக்டரம்மா. வளைவில் நடந்ததை அந்த அம்மா பார்த்திருக்கிறார். நாங்கள் கோட்டருகே நின்றபோதே மகளைக் கைதட்டிக் கூப்பிட்டு, "நீ நர்ஸாம்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "ரெண்டாவது வருஷம் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனதையும் பார்த்தேன்.

இப்போது அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு பெரிய மீசைக்காரரின் குதிகாலைத் தன் உள்ளங்கையில் தாங்கிப் பிடித்திருந்தாள். அவர் குழந்தை மாதிரி அலறினார். "கத்துங்க, ஆனா காலை மடக்காதீங்க சார்," என்று அவள் அதட்டியது இவ்வளவு தூரம் கேட்டது. வெறுங்காலில் சேறு அப்பியிருந்தது. தலைமுடி முகத்தில் விழுந்ததைத் தோளால் தள்ளிக்கொண்டாள், கையை எடுக்கவில்லை.

தங்கச்சி பதக்கத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடியே நின்றாள். நான் மகளைக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். தங்கச்சி என் கையைப் பிடித்து இறக்கினாள்.

"கூப்பிடாத அக்கா," என்றாள். "முடிச்சிட்டு வரட்டும்."

மூன்று பேரும் ஈரப் புல்லில் உட்கார்ந்தோம்.